ஆதித்யாவை ஏவினோம்; அது அனுப்புவதை யார் வாசிப்பது?

2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா-எல்1 கிளம்பியபோது நாடே கைதட்டியது. திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி செங்கோட்டைக்காரர் என்பதில் நமக்குக் கூடுதல் பெருமை. 2024 ஜனவரி 6 அன்று, பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளியிருக்கும் எல்1 புள்ளியைச் சுற்றும் பாதையில் அது போய் அமர்ந்தது. மறுபடியும் கைதட்டினோம். சரியாக ஓராண்டு கழித்து, அது திரட்டிய தரவுகளை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இஸ்ரோ இணையத்தில் திறந்துவிட்டது. அந்தச் செய்தி பலர் கண்ணில் படவே இல்லை. என்னைக் கேட்டால், மூன்றில் பெரிய செய்தி அதுதான்.

நான் திண்டுக்கல் மாவட்டத்தில் கல்லூரி வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன். இயற்பியல் ஆய்வகத்தின் இருட்டறையில் நின்றே என் உத்தியோக காலத்தில் பெரும்பகுதி போனது. அந்த உரிமையில் ஒன்று சொல்கிறேன். சூரியனை ஆராயும் கருவிகளைச் செய்வதில் நமக்கு அனுபவக் குறைவு இல்லை. கொடைக்கானலில் நூறாண்டுக்கு மேலாக அந்த வேலை நடக்கிறது. ஆனால், அந்தக் கருவிகள் தரும் நிறமாலையைப் பொறுமையாக உட்கார்ந்து வாசிக்கும் பிள்ளைகளை வளர்ப்பதில் கஞ்சத்தனம் காட்டுகிறோம். இதற்குக் கோடிகள் தேவையில்லை. பாடத்திட்டத்தில் ஓரிரு பக்கம் மாறினால் போதும்.

அப்படி வாசிக்க என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சூரிய இயற்பியலில் எத்தனையோ கிளைகள் உண்டு. அவற்றில் எனக்குப் பிடித்த ஒன்றை, சூரிய வளிமண்டலத்தின் அலைகளை, உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

மேலே போகப் போகச் சூடு

கண்ணுக்குத் தெரியும் சூரியனின் மேற்பரப்பை ஒளிமண்டலம் என்கிறோம். அங்கே வெப்பநிலை ஏறக்குறைய 5,500 டிகிரி செல்சியஸ். அதற்கு மேலே சில ஆயிரம் கி.மீ. தடிமனுக்கு நிறமண்டலம் இருக்கிறது. அதையும் தாண்டினால் கொரோனா. முழுச் சூரிய கிரகணத்தின்போது நிலவின் கருவட்டத்தைச் சுற்றி வெண்மையாக விரிந்து தெரிவது அதுதான். அங்கே வெப்பநிலை 10 லட்சம் டிகிரியைத் தாண்டுகிறது. வெப்பத்தின் ஊற்று உள்ளே மையத்தில் இருக்கும்போது, வெளியே போகப் போகச் சூடு குறையத்தானே வேண்டும்? எப்படி ஏறுகிறது?

இந்த விசித்திரமே நிறமாலைக் கோடு ஒன்றின் வழியாகத்தான் நமக்குத் தெரியவந்தது. அதற்கு ஒரு முன்கதை உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுக் கிரகணத்தைப் பிரான்சின் ஜான்சென் குண்டூரிலும், மதராஸ் வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்திலும் நிறமாலைக் கருவிகளோடு காத்திருந்து பார்த்தார்கள். சூரியனின் நிறமாலையில் அப்போது தென்பட்ட மஞ்சள் கோடு எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. அந்தப் புதுத் தனிமத்துக்கு ஹீலியம் என்று பெயரிட்டார்கள். 1895-இல் ராம்சே அதைப் பூமியிலேயே பிரித்துக் காட்டினார்.

1869-இல் அமெரிக்காவில் தெரிந்த கிரகணத்தில் யங், ஹார்க்னஸ் என்ற இருவர் கொரோனாவின் நிறமாலையில் ஒரு பச்சைக் கோட்டைக் கண்டார்கள். அதன் அலைநீளம் 5303 ஆங்ஸ்ட்ராம். ஹீலியத்தைப் போல இதுவும் புதுத் தனிமமாக இருக்கும் என்று நம்பி 'கொரோனியம்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். எழுபதாண்டு கழித்து, ஜெர்மனியின் குரோட்ரியனும் சுவீடனின் எட்லெனும் முடிச்சை அவிழ்த்தார்கள். அது சாதாரண இரும்புதான். ஆனால் 13 எலெக்ட்ரான்களைப் பறிகொடுத்த இரும்பு. அத்தனை எலெக்ட்ரான்களைப் பிய்த்தெறிய வேண்டுமானால் அங்கே பத்து லட்சம் டிகிரிக்கு மேல் சூடு இருந்தாக வேண்டும்.

இந்தச் சூட்டுக்குத் தேவைப்படும் ஆற்றல் பெரிதல்ல என்பது இதில் உள்ள இன்னொரு வேடிக்கை. சூரியனின் மேற்பரப்பில் ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் 6 கோடி வாட்டுக்கு மேல் ஆற்றல் வெளியேறுகிறது. அமைதியான பகுதிகளில் கொரோனாவைச் சூடாக வைத்திருக்கச் சதுர மீட்டருக்கு 300 வாட் அளவு போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. கீழே ஆற்றலுக்குப் பஞ்சமே கிடையாது. அதில் ஒரு துளியை மேலே சுமந்துபோய் அங்கே வெப்பமாக இறக்கிவைப்பது யார் என்பதுதான் கேள்வி.

இரண்டு பதில்கள் களத்தில் இருக்கின்றன. பின்னிப் பிணைந்த காந்தப்புலத்தில் இடைவிடாமல் நடக்கும் நுண்ணிய வெடிப்புகள் என்றார் யூஜின் பார்க்கர். அலைகள் என்பது அதைவிடப் பழைய பதில். ஒளிமண்டலம் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கிறது. ஆயிரம் கி.மீ. அகலமுள்ள குமிழ்கள் எழுந்து, பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அந்தக் கொதிப்பில் பிறக்கும் ஒலியலைகள் மேலே போய் வெப்பமாகும் என்று 1940-களில் பியர்மனும் சுவார்ஷில்டும் கணித்தார்கள். காந்தப்புலக் கோடுகளின் வழியே குறுக்கலைகள் ஓட முடியும் என்று 1942-இல் ஆல்ஃபென் காட்டினார். 1970-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வெடிப்பா, அலையா, இரண்டுமா? இந்த வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. சாட்சி சொல்ல வேண்டியவை நிறமாலைக் கோடுகள்.

ஒரு கோடு சொல்லும் மூன்று சேதிகள்

சூரியனின் பிம்பத்தில் ஒரு மெல்லிய பிளவை வைத்து, அதன் வழியே வரும் ஒளியை மட்டும் நெருக்கமாகக் கோடுகள் கீறிய கீற்றணியில் விழவைத்தால் நிறமாலை கிடைக்கும். அதில் உள்ள ஒவ்வொரு கோடும் மூன்று சேதிகள் சொல்லும். முதலாவது, எவ்வளவு பிரகாசம். இரண்டாவது, கோடு தன் இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது. வாயு நம்மை நோக்கி வந்தால் நீலப் பக்கமும், விலகிப் போனால் சிவப்புப் பக்கமும் நகரும். பதினொன்றாம் வகுப்பில் நடத்துகிற டாப்ளர் விளைவுதான் இது. மூன்றாவது, கோடு எவ்வளவு அகலம். வாயு சூடாக இருந்தாலும் கோடு அகலும். நம் கருவியால் பிரித்தறிய முடியாத சின்னச் சின்ன அசைவுகள் உள்ளே கலந்திருந்தாலும் அகலும்.

கொடைக்கானல் சூரிய வானாய்வகத்தில் 1960 வாக்கில் நிறுவப்பட்ட சுரங்கத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. 11 மீட்டர் உயரக் கோபுரத்தின் மேலுள்ள கண்ணாடிகள் சூரிய ஒளியைப் பிடித்து, தரைக்குக் கீழே 60 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்துக்குள் அனுப்பும். உள்ளே 34 செ.மீ. விட்டமுள்ள சூரியன் விழும். அந்தப் பிம்பத்தில் ஒரு மி.மீ. என்பது சூரியனில் ஏறக்குறைய 4,000 கி.மீ. அங்குள்ள நிறமாலை வரைவி ஆறாம் வரிசையில் ஒரு ஆங்ஸ்ட்ராமை 9 மி.மீ. அகலத்துக்கு விரித்துக் காட்டுகிறது. இத்தனை விரித்தும், விநாடிக்கு அரை கி.மீ. வேகத்தில் வாயு ஏறி இறங்கினால் கோடு நகர்வது ஒரு மி.மீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்த நூலிழை நகர்வுதான் இந்த ஆராய்ச்சிக்கு முதல்.

1960-இல் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் ராபர்ட் லெய்ட்டன் அந்த நூலிழையைப் பிடித்தார். ஒரே கோட்டின் நீல ஓரத்தில் ஒரு படம், சிவப்பு ஓரத்தில் ஒரு படம் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார். சூரியனின் மேற்பரப்பு எங்கும் ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குவது தெரிந்தது. சூரியனுக்குள் சிறைப்பட்ட ஒலியலைகளின் துடிப்பு அது என்பது 1970-களில் உறுதியானது.

மேலே நிறமண்டலத்துக்குப் போனால் துடிப்பின் நேரம் மூன்று நிமிடமாகச் சுருங்குகிறது. மெதுவான அலைகளை ஒளிமண்டலத்தின் மேல்விளிம்பு மறித்துத் திருப்பிவிட, வேகமானவை மட்டுமே தப்பி ஏறுகின்றன. ஏற ஏற வாயுவின் அடர்த்தி சரிகிறது. சாட்டையை வீசும்போது கைப்பிடியில் கொஞ்சமாக இருக்கும் அசைவு மெலிந்த நுனிக்குப் போகும்போது விளாசலாக மாறுகிறதல்லவா? அதேபோல இந்த அலையின் வீச்சும் பெருகிக்கொண்டே போய், கடைசியில் அதிர்ச்சி அலையாக உடைகிறது. கொடைக்கானலில் வைணு பாப்புவும் கே.ஆர்.சிவராமனும் கால்சியத்தின் கே கோட்டில் மின்னி மறையும் நுண்புள்ளிகளை ஆராய்ந்து எழுதினார்கள். கீழிருந்து வரும் ஒலியலைகள் இப்படி உடைவதால் அந்த மின்னல் உண்டாக முடியும் என்று ஆஸ்லோவின் மட்ஸ் கார்ல்சனும் அமெரிக்காவின் ராபர்ட் ஸ்டைனும் 1990-களில் கணினி மாதிரியில் காட்டினார்கள்.

வெவ்வேறு கோடுகள் வெவ்வேறு உயரங்களில் உருவாகின்றன. இரும்பின் சில கோடுகள் ஒளிமண்டலத்தைச் சொல்லும். ஹைட்ரஜனின் 6563 ஆங்ஸ்ட்ராம் கோடும் கால்சியத்தின் 3934 ஆங்ஸ்ட்ராம் கோடும் நிறமண்டலத்தைச் சொல்லும். பச்சைக் கோடு கொரோனாவைச் சொல்லும். பிளவை ஒரே இடத்தில் வைத்துச் சில விநாடிக்கு ஒருமுறை நிறமாலை எடுத்துக்கொண்டே போனால், கீழ்க்கோட்டில் தெரிந்த அசைவு மேல்கோட்டில் எவ்வளவு தாமதமாக வருகிறது என்று பார்க்கலாம். அந்தத் தாமதத்திலிருந்து அலை எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகிறது என்று கணக்கிடலாம். பிரகாசமும் நகர்வும் சேர்ந்தே துடித்தால் வாயுவை அமுக்கி விரிக்கும் அலை மேலேறுகிறது என்று கொள்ளலாம். நகர்வு மட்டும் துடித்து, பிரகாசம் மாறாமல் இருந்தால் காந்தக் கோடுகளைப் பக்கவாட்டில் ஆட்டும் அலையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

2007-இல் வெளியான ஓர் ஆய்வில் ஸ்டீவ் டாம்சிக்கும் அவருடைய குழுவினரும் கொரோனாவில் இரும்பின் 10747 ஆங்ஸ்ட்ராம் கோட்டைப் பின்தொடர்ந்தார்கள். நகர்வில் ஐந்து நிமிடத் துடிப்பு தெளிவாகத் தெரிந்தது. பிரகாசத்தில் அது ஏறக்குறைய இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிந்த அந்த அலைகள் சுமந்த ஆற்றல் கொரோனாவைச் சூடாக்கப் போதவில்லை. மிச்சம் எங்கே? கோட்டின் அகலத்துக்குள் ஒளிந்திருக்கலாம்.

மூன்றாவது சேதி முக்கியமாவது இங்கேதான். வெப்பத்தால் வரும் அகலம் கனமான அணுவுக்குக் குறைவாகவும் லேசான அணுவுக்கு அதிகமாகவும் இருக்கும். மொத்த வாயுவும் ஆடுவதால் வரும் அகலத்துக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. இதை வைத்து இரண்டையும் பிரித்துவிடலாம். 1998-இல் இந்தியரான தீபங்கர் பானர்ஜி தன் சகாக்களோடு, சோஹோ விண்கலம் எடுத்த சிலிக்கான் கோடுகளைப் பார்த்தார். சூரியனின் துருவப் பகுதியில் மேலே போகப் போகக் கோடு அகன்றுகொண்டே போனது. ஆல்ஃபென் அலை வெளியே போகும்போது எதிர்பார்க்கப்படுவதும் அதுவே. பிறகு ஜப்பானின் ஹினோடே கலத்தின் தரவுகளை ஆராய்ந்தவர்கள், ஓர் உயரத்துக்கு மேல் அகலம் குறையத் தொடங்குவதாகச் சொன்னார்கள். அலை அங்கே ஆற்றலை இழக்கிறது என்றால், சுமையை இறக்கும் இடம் அதுதான்.

இனி ஆதித்யாவுக்கு வருவோம். அதன் முதன்மைக் கருவியான கொரோனா வரைவியைச் செய்தது பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனம். கொடைக்கானல் வானாய்வகத்தை நடத்துவதும் அந்த நிறுவனமே. அந்தக் கருவி பின்தொடரும் கோடுகள் மூன்று. மூன்றும் இரும்புதான்: 5303, 7892, 10747 ஆங்ஸ்ட்ராம். 1869-இல் புதிராக நின்ற அதே பச்சைக் கோட்டை இன்று கிரகணத்துக்குக் காத்திராமல் நம் கருவி பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தரவு பழனியில் இருக்கும் மாணவிக்கும் பாஸ்டனில் இருக்கும் ஆராய்ச்சியாளருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கிறது. பாஸ்டனில் எடுத்துப் படிக்க ஆள் இருக்கிறது. பழனியில்?

இருட்டறைச் சடங்கு

தமிழ்நாட்டில் இயற்பியல் படித்த எவருக்கும் நிறமாலைமானி செய்முறை நினைவிருக்கும். இருட்டறை, சோடியம் விளக்கு, பாதரச விளக்கு, அங்குலத்துக்கு 15,000 கோடு போட்ட கீற்றணி. இடப்பக்கம் ஒரு அளவு, வலப்பக்கம் ஒரு அளவு, வெர்னியரில் முதன்மைக்கோல் அளவு, ஒன்றுபடும் பிரிவு. விடை 5893 ஆங்ஸ்ட்ராம் என்று எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். சரியாக வராவிட்டால் பக்கத்து மேசையில் கேட்டுத் திருத்திக்கொள்வதும் உண்டு. ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையில் கையெழுத்து விழுந்தால் விஷயம் முடிந்தது. எதற்காக அளந்தோம் என்று யாரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் அந்த நிறமாலைமானி, கொடைக்கானல் சுரங்கத்தில் இருப்பதற்குத் தம்பி முறை.

என் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். சோடியம் விளக்கில் இரட்டை மஞ்சள் கோட்டைக் குறுக்குக் கம்பியில் நிறுத்தச் சொல்வேன். பிறகு தொலைநோக்கியை அசைக்காமல் விளக்கை அணைத்துவிட்டு, வெயில் விழும் வெள்ளைச் சுவரின் வெளிச்சம் பிளவில் விழும்படி மேசையைச் சன்னல் பக்கம் திருப்புவோம். சூரியனை நேராகப் பார்ப்பது கண்ணுக்கு ஆபத்து. சுவர் வெளிச்சமே இதற்குத் தாராளம். பிளவை நன்றாக ஒடுக்கினால் வானவில் பட்டையில், சற்றுமுன் மஞ்சளாக எரிந்த அதே இடத்தில், இரண்டு கறுப்புக் கோடுகள் நிற்கும். சூரியனில் சோடியம் இருக்கிறது என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்த மாதிரி கூச்சல் போடுவார்கள். 1814-இல் பிரான்ஹோபர் வரைந்துவைத்த கோடுகள் அவை. இதற்குப் பத்துப் பைசா செலவில்லை. பாடத்திட்டத்தில் இது இல்லாததால் மதிப்பெண்ணும் இல்லை. எனவே பெரும்பாலான ஆய்வகங்களில் இது நடப்பதில்லை.

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வந்த முதுகலை மாணவி ஒருத்தி இதோடு நிற்கவில்லை. அப்பா காய்கறி மண்டியில் கணக்கு எழுதுபவர். அந்தப் பெண் தன் திட்டப்பணிக்கு ஐரிஸ் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளின் தரவை எடுத்துக்கொண்டாள். 2013-இல் ஏவப்பட்ட அந்தக் கலம் நிறமண்டலத்தின் மெக்னீசியம் கோடுகளை நிறமாலையாக எடுத்துத் தருகிறது, அதுவும் இலவசம். துறையில் இருந்த பழைய கணினியில், ஒரு சூரியப் புள்ளியின் நடுவே பிளவை நிறுத்தி எடுத்த சில மணி நேரத் தரவைப் போட்டுக் கோட்டின் நகர்வைக் கணக்கிட்டாள். மூன்று நிமிடத்தை ஒட்டி அழகான துடிப்பு வந்தது. கூடவே ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் பெரிய துடிப்பும் வந்தது. புது அலை என்று நான்கு பேரிடம் சொல்லிக்கொள்ள அது நல்ல சந்தர்ப்பம். அவள் சொல்லவில்லை. இரண்டு வாரம் அதையே நோண்டி, அது செயற்கைக்கோள் பூமியை ஒருமுறை சுற்றிவரும் நேரம் என்று கண்டுபிடித்தாள். சுற்றுக்குச் சுற்று கலம் சூடாகிக் குளிர்வதால் கருவிக்குள் கோடு நகர்கிறது; சூரியனுக்கு அதில் சம்பந்தமில்லை.

தனக்குப் பிடித்த விடையையே சந்தேகிக்கும் அந்தப் பழக்கத்தை எந்தச் சோடியம் விளக்கும் கற்றுத்தராது. இருந்தும் வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் கேட்டது இதைத்தான்: "அப்பரேட்டஸ் எங்கம்மா?" அவள் சொன்னாள்: "அது வானத்துல சுத்துது சார். ரீடிங் மட்டும் இங்க இருக்கு." ஆய்வகத்தில் கைவேலை எதுவும் இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். அந்தத் தேர்வாளரைக் குறைசொல்லிப் பயனில்லை. கருவியும் ரீடிங்கும் ஒரே மேசையில் இருக்க வேண்டும் என்று நம் விதிமுறை நினைக்கிறது. உலகம் அந்த இடத்தைத் தாண்டிப் பல வருடம் ஆகிறது.

சோறு போடுமா?

இந்தக் கேள்வியைப் பெற்றோர் கேட்கத்தான் செய்வார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. சூரியப் புயல்கள் 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணத்தை ஒன்பது மணி நேரம் இருளில் தள்ளின. 2022 பிப்ரவரியில் ஏவிய கையோடு ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் பல விழுந்து எரிந்தன. இவற்றைக் காட்டி 'அலை ஆராய்ச்சி நம்மைக் காப்பாற்றும்' என்று நான் மிகைப்படுத்த மாட்டேன். அலைகளைப் படிப்பதால் நாளைக்கு வரும் புயலை இன்றைக்கே கணித்துவிட முடியாது. கொரோனா எப்படிச் சூடாகிறது, சூரியக் காற்று எப்படி வேகமெடுக்கிறது என்று தெரியாமல் நம்பகமான முன்கணிப்பு எதுவும் வராது என்பது மட்டும் நிச்சயம்.

வேலைவாய்ப்பைப் பற்றி அதைவிட நேரான பதில் உண்டு. இரைச்சலுக்குள் புதைந்த துடிப்பைப் பிரித்தெடுப்பது, எது நிஜம், எது கருவியின் சேட்டை என்று சோதிப்பது, பிழை வரம்போடு முடிவைச் சொல்வது ஆகியவைதாம் அந்தப் பெண் கற்றவை. இதயத் துடிப்பு வரைபடத்தை ஆராயவும், பாலத்தின் அதிர்வை அளக்கவும், காற்றாலையில் பழுதை முன்னறியவும் இதே கணக்குதான் வேண்டும். நான்கு மாதம் கூகுளில் தேடி ஒட்டிய திட்டப்பணி அறிக்கையைவிட இது எந்த வேலைக்கும் உதவும்.

இன்னொரு மறுப்பும் என் காதில் விழுந்திருக்கிறது: 'இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் வேலை, நம் கல்லூரிக்கு எட்டாது.' கொடைக்கானலின் வரலாறே அதற்குப் பதில். மதராஸ் மாகாணத்தைப் பஞ்சங்கள் உலுக்கியபின், சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று அறிய வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1893-இல் லார்ட் கெல்வின் தலைமையிலான குழு கொடைக்கானலில் சூரிய வானாய்வகம் அமைக்க முடிவெடுத்தது; 1899-இல் அது மலைக்குப் போனது. அங்கேதான் 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியின் ஓரத்தில் கோடுகள் சாய்ந்திருப்பதைக் கண்டு, புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்று சொன்னார். உலகம் முழுக்க இன்றும் அது எவர்ஷெட் விளைவுதான். அன்று உலகின் பெரிய தொலைநோக்கிகள் இருந்தது வேறு இடங்களில். கொடைக்கானலிடம் இருந்தவை நல்ல வானம், நல்ல நிறமாலை வரைவி, விடாமல் பார்க்கும் ஆட்கள். 1904 முதல் தெளிந்த நாளெல்லாம் எடுத்துச் சேர்த்த சூரியப் படங்கள் இன்று கணினியில் ஏற்றப்பட்டு எவருக்கும் கிடைக்கின்றன.

செய்யவேண்டியது என்ன?

எனக்குத் தெரிந்து நான்கு காரியங்கள் போதும். இளங்கலை இயற்பியல் செய்முறையில் சூரிய நிறமாலையின் கறுப்புக் கோடுகளை அளப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். கருவி எல்லாக் கல்லூரியிலும் ஏற்கெனவே இருக்கிறது. முதுகலையில் ஒரு பருவத்துக்காவது ஆதித்யா, ஐரிஸ், கொடைக்கானல் போன்ற பொதுத் தரவுகளை வைத்துச் செய்யும் கணினிச் செய்முறை வேண்டும். அதற்கு ஆய்வகச் செய்முறைக்கு இணையான மதிப்பெண் தர வேண்டும். மாநில உயர்கல்வித் துறை வானாய்வகத்தோடு பேசி, கோடை விடுமுறையில் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்தலாம். தரவை எப்படி இறக்குவது, எப்படித் திருத்துவது, எங்கே ஏமாறுவோம் என்பதையெல்லாம் படிப்படியாகச் சொல்லும் கையேடு ஒன்று தமிழில் வர வேண்டும். தமிழ்வழியில் படித்த பிள்ளை தரவைக் கண்டு பயப்படுவதில்லை. ஆங்கிலக் கையேட்டைக் கண்டுதான் பின்வாங்குகிறது.

இதில் ஆசிரியர்களின் நிலையையும் பார்க்க வேண்டும். பல கல்லூரிகளில் திட்டப்பணிகளை வழிநடத்துவோர் கௌரவ விரிவுரையாளர்கள். அடுத்த ஆண்டு பணி இருக்குமா என்று தெரியாதவரிடம், ஒரு மாணவியோடு ஆறு மாதம் உட்கார்ந்து கோட்டின் அகலத்தை அள என்று சொல்வது அநியாயம். சூரியனின் அலைகளைப் படிக்க முதலில் தேவைப்படுவது நிரந்தரம். கருவிக்கும் அது வேண்டும். கருவியைப் படிப்பவருக்கும் வேண்டும்.

லடாக்கில் பாங்காங் ஏரிக்கரையில் 2 மீட்டர் சூரியத் தொலைநோக்கி அமைக்கும் திட்டமும் நம்மிடம் இருக்கிறது. அது வந்தால் தரவு இன்னும் பல மடங்காகப் பெருகும். அப்போதும் ஏவிய அன்றைக்கும் திறந்த அன்றைக்கும் கைதட்டிவிட்டு, தரவை அயலார் படித்து எழுதும் கட்டுரைகளுக்காக நாம் காத்திருக்கப் போகிறோமா?

பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்களில் அமர்ந்திருக்கும் என் பழைய சகாக்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் 'சோடியம் விளக்கின் அலைநீளம் காணல்' என்ற தலைப்புக்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள்: 'சூரிய ஒளியில் அதே கோட்டைக் காணல்.' பணம் கேட்காத, யார் அனுமதியும் தேவைப்படாத சீர்திருத்தம் இது. வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.